நகை கழுவ வந்த பூதவராயன்

எங்கள் குடும்பத்துக்கு முதலில் கெடுதல் செய்தவள் மாமணிக்கோட்டை ராணி அலங்காரவல்லி. மந்திரவாதி பூதவராயன் அவளுக்கு அடுத்தபடிதான். இந்தக் கதையைச் சொல்கிற எல்லாரும் மந்திரவாதியைத் திட்டிவிட்டு ராணியைச் சும்மா விட்டுவிடுகிறார்கள். நான் விடமாட்டேன். நடந்தது நடந்தபடி சொல்கிறேன். சின்னப் பிள்ளைகள் முன்னால் வந்து உட்காருங்கள், பெரியவர்கள் பின்னால் உட்காருங்கள், தூங்குகிறவர்கள் வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள்.

மலைகள் இன்னும் வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. நிலா இப்போது இருப்பதைவிடக் கிட்டத்தில் தொங்கிய காலம். அப்போது மாமணிக்கோட்டை என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. பொன் இல்லாத வீடு அங்கே கிடையாது. எண்ணெய் விற்கிறவன் காதில் கடுக்கன் மின்னும். களை பறிக்கிறவள் மூக்கில் மூக்குத்தி மின்னும். பொழுது விடிந்ததும் ஊரே மினுமினுக்கும்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். குழந்தைக்குப் பெயர் வைக்கும்போது நாம் குழந்தையின் காதில் மூன்று தரம் பெயரைச் சொல்வோம். அவர்களோ, குழந்தைக்குப் போடப்போகும் முதல் காப்பிடம் மூன்று தரம் சொல்வார்கள். பெயர் அந்தக் காப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிள்ளை வளர்ந்த பிறகு அந்தக் காப்பை உருக்கித் தோடு செய்தாலும் சரி, தாலிக்குண்டு செய்தாலும் சரி, பெயரும் கூடவே போய்விடும்.

ஆகவே அங்கே நகை கழுவுவது விளையாட்டுக் காரியம் இல்லை. அமாவாசை கழிந்த காலையில் வீட்டுக்காரி தன் நகையைத் தன் கையாலேயே கழுவுவாள். பூந்திக்கொட்டையை உடைத்து வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, நுரை வரத் தேய்த்து, பொன்னைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் குளிப்பாட்டுவாள். முத்துமாலையைத் தண்ணீரில் முக்கமாட்டாள். நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் கிடத்திவைப்பாள். கெம்புக்கல் பதித்த அட்டிகையில் சொட்டு ஈரம் படவிடமாட்டாள். கல்லுக்குப் பின்னால் அரக்கு இருக்கிறதே! ஈரம் உள்ளே போனால் கல் மங்கும், அரக்கு பிடியை விடும்; சூடு பட்டால் கல் கழன்று விழும். தெருத்தெருவாகப் பெண்கள் பாடிக்கொண்டே கழுவுவார்கள்:

"பொன்னுக்குப் பூந்தி நுரை,
முத்துக்கு ஈரத் துணி,
கெம்புக்குக் காய்ந்த பஞ்சு!"

கழுவிய தண்ணீரைக் கொல்லையில் ஊற்றுவார்கள். அந்த மண்ணை அள்ளிவந்து, மரத்தட்டில் போட்டு, ஆற்றுத் தண்ணீரில் அலசி அலசி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் கிடக்கும் பொன்துகளைப் பொறுக்கிப் பிழைத்தவர்கள்தான் எங்கள் முன்னோர். தீத்தாரப்பன் என்று ஒருவர். அவர் மனைவி வெயிலாச்சி. அவர்களுக்கு ஒரே மகள். வாய்த்துடுக்கு உள்ள பெண். கண்ணில் பட்ட எதையும் மறக்காத பெண்.

ஒருநாள் கோட்டை வாசலில் ஒரு குரல் கேட்டது.

"கழுவித் தாரேன், துலக்கித் தாரேன், பழைய நகையைப் புதுசாத் தாரேன்!"

வந்தவன் பனைமரம்போல் உயரம். தலையில் ஒரு கருப்புப் பானை. பானைக்குள் தண்ணீர்போல் ஒன்று இருந்தது, ஆனால் தண்ணீர் இல்லை. மூக்கைச் சுருக்கென்று குத்தியது. அவன்தான் பூதவராயன்.

ராணி அலங்காரவல்லி தன் வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். அவன் பானைக்குள் முக்கினான். எடுத்தான். அம்மாடி! வளையலா அது? விடிகிற சூரியனை வளைத்துக் கையில் மாட்டியதுபோல் இருந்தது. அரண்மனைத் தூணெல்லாம் அந்த ஒளியில் மஞ்சளாகிவிட்டது. காவலர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். எப்போதோ அணைந்துபோன விளக்குகள்கூட எரிவதுபோல் தெரிந்தன.

வளையல் முன்னைவிட எடை குறைந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. பானைத் தண்ணீர் கொஞ்சம் மஞ்சளானதையும் யாரும் கவனிக்கவில்லை.

ராணி உடனே தண்டோரா போடச் சொன்னாள். "இனிமேல் எவளும் வீட்டில் நகை கழுவக் கூடாது! பூந்திக்கொட்டை வைத்திருந்தால் தண்டனை! எல்லாரும் பூதவராயனிடமே கொடுக்க வேண்டும்!"

அவன் கேட்டானா இப்படி ஒரு உத்தரவை? கேட்கவே இல்லை. இவளாகப் போட்டாள். கொல்லை மண் காய்ந்தது. எங்கள் ஆட்களின் தட்டும் காய்ந்தது. முதல் கெடுதல் என்று நான் சொன்னது இதைத்தான்.

பூதவராயன் வீடு வீடாகப் போனான். கடைசியாக எங்கள் குடிசைக்கும் வந்தான்.

"ஏ அம்மா, கழுத்தில் என்ன?"

"இந்தத் தாலிக்குண்டு ரெண்டுதான் சாமி," என்றாள் வெயிலாச்சி.

"அது போதும். கழற்றிக் கொடு."

"ஆத்தா, குடுக்காத. நானே கழுவித் தாரேன்," என்றாள் மகள்.

"சும்மா இரு ஏட்டி. ராணி உத்தரவு. உன் வாயால எனக்கும் சவுக்கடி வாங்கித் தராத."

குண்டுகள் பானைக்குள் போய், தணல்போல் ஜொலித்துக்கொண்டு வெளியே வந்தன. மகளுக்கோ ஆத்திரம். அவள் கையில் இருந்தது செம்புக் காப்பு. அவள் பிறந்தபோது வீட்டில் பொன் வாங்க வழி இல்லை. செம்பிடம்தான் பெயரைச் சொன்னார்கள். அவள் கையை நீட்டினாள்.

"எல்லாருக்கும் கழுவுதீரு, எனக்கும் கழுவிக் குடும்!"

பூதவராயன் துள்ளிப் பின்னால் போனான். பானையை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"செம்பா? சீ! தூரப் போ! பானைப் பக்கம் கொண்டு வராதே!"

அருவருப்பில் கத்துவதுபோல் கத்தினான். ஆனால் அவன் கண் அந்தக் காப்பைவிட்டு நகரவில்லை. அவள் அதைப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலை தீத்தாரப்பன் மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

"உன் பேரு என்னட்டி?"

"என் பேரா? நீங்கதான கூப்பிடுவீய. உங்களுக்குத் தெரியாதா?"

"நாக்கு நுனியில நிக்கி. வரமாட்டேங்கு."

ஊர் முழுக்க இதே கதை. கணவன் மனைவியை "இந்தா" என்றான். ராணியை மந்திரி "அவங்க" என்றார். முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது.

பொழுது சாய்கிற நேரம் உச்சிமலையிலிருந்து ஒரு குரல் இறங்கியது. ஒவ்வொரு பெயரையும் மூன்று தரம் கூப்பிட்டது. கூப்பிடப்பட்டவர்கள் செய்த வேலையை அப்படியே போட்டுவிட்டு மலையைப் பார்த்து நடந்தார்கள். மாவு பிசைந்தவள் மாவுக் கையோடு நடந்தாள். ராணி ஒரு காலில் மட்டும் செருப்போடு நடந்தாள். வெயிலாச்சியும் எழுந்தாள்.

தீத்தாரப்பனைக் குரல் கூப்பிடவில்லை; மகளைப்போல் அவர் பெயரும் செம்பில்தான் இருந்தது. அவர் அவள் காலைக் கட்டிக்கொண்டார். அவள் அவரையும் இழுத்துக்கொண்டே நடந்தாள். கல்லில் இடித்து அவர் முழங்கால் பிசகியது; பிடி விட்டுப்போனது. "உன்னப் பெத்தவள அவன் கொண்டுபோறான் ஏட்டி!" என்று வழியிலேயே கிடந்து அழுதார்.

மகள் அழவில்லை. வீட்டுக்கு ஓடி ஒரு துணிப்பையை எடுத்தாள். பரணில் ஒளித்துவைத்த பூந்திக்கொட்டை, ஒரு மெல்லிய வேட்டித்துணி, ஒரு பிடி பஞ்சு, ஒரு சுரைக்குடுவைத் தண்ணீர்.

"ஏட்டி, மந்திரவாதிகிட்டப் போறவ கத்தி, அரிவா ஏதாவது கொண்டு போகாண்டாமா?"

"ஆத்தா பேரு குண்டுல இருந்துதான் போச்சு. கழுவிக் கெடுத்தத கழுவித்தான் சரி பண்ணணும்ப்பா. அதுக்கு அரிவா எதுக்கு?"

மலை ஏறினாள். ஏற ஏற மலையும் ஏறியது. அந்தக் காலத்து மலை அப்படி. பாதி வழியில் ஒரு யானை வழியை அடைத்து நின்றது. பொன்னால் ஆன யானை. ஆனால் புகை படிந்து அடுப்புக்கல்போல் கறுத்திருந்தது. பக்கத்தில் மந்திரவாதி வைத்த ஒரு கொப்பரையில் புளித்தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"என்னைக் கழுவினால் வழி விடுவேன்," என்றது யானை. "கொப்பரை தயாராக இருக்கிறது."

"பொன்னுக்குப் பூந்தி நுரை!" என்றாள் அவள்.

குடுவைத் தண்ணீரில் பூந்திக்கொட்டையைக் கரைத்து, தும்பிக்கை நுனியிலிருந்து வால் நுனிவரை மெல்லத் தேய்த்தாள். மடிப்பு மடிப்பாக அழுக்கைக் கிளப்பித் துடைத்தாள். கருமை வழிந்தது. உள்ளிருந்து ஒரு காலை நேரமே எழுந்து வந்ததுபோல் யானை ஒளிவிட்டது. மரத்தில் உறங்கிய பறவைகள் விடிந்துவிட்டது என்று நினைத்துக் கூவின. யானை மண்டியிட்டு வழி விட்டது.

அடுத்த வளைவில் ஒரு சுனை. கரையில் ஓர் அன்னம். இறகுக்கு ஒரு முத்தாக உடம்பெல்லாம் முத்து. எல்லா முத்தும் பழைய பல்போல் மஞ்சளித்திருந்தது. அங்கேயும் கொப்பரை, அங்கேயும் கொதிக்கும் புளித்தண்ணீர்.

"முத்துக்கு ஈரத் துணி!"

துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து, முத்து முத்தாக ஒற்றியெடுத்தாள். அன்னம் சிலிர்த்தது. முத்துகளுக்குள் ரோஜா நிறமும் நீல நிறமும் மெல்ல வந்து குடியேறின. சுனைக்குள்ளே இன்னொரு நிலா இறங்கியதுபோல் இருந்தது. அவள் அன்னத்தை நிழலான பாறையில் ஏற்றிவிட்டு நடந்தாள்.

குகை வாசலில் பாம்பு. தலைமுதல் வால்வரை கெம்புக்கல் பதித்த, தூசி படிந்த பாம்பு. இங்கேதான் அவள் தப்புச் செய்தாள். உள்ளே ஆத்தா நிற்பது தெரிந்துவிட்டது. அவசரம். கையில் அன்னத்தைத் துடைத்த ஈரத்துணி. யோசிக்காமல் அதனாலேயே பாம்பின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

பாம்பின் இடது கண் கலங்கியது. ஈரத்தில் அரக்கு பிடியை விட்டு, கல் கழன்று தரையில் உருண்டது.

"நீயும் அவனைப்போலத்தானா?" என்று சீறியது பாம்பு.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அவசரப்பட்டுட்டேன். என் தப்புதான். கடிக்கணும்னா கடிச்சுக்கோ. ஆனா முதல்ல உன் கண்ண வச்சிடுறேன்."

கல்லைப் பஞ்சால் துடைத்தாள். கண்குழியிலிருந்த ஈரத்தைப் பஞ்சால் ஒற்றினாள். பிறகு வாயைக் கிட்டே வைத்து ஊதினாள். ஊதினாள், ஊதினாள், தலை சுற்றும்வரை ஊதினாள். மூச்சுச் சூட்டில் அரக்கு இளகியது. கல்லை வைத்து, விரலால் அழுத்தி, ஆறும்வரை கையை எடுக்கவே இல்லை. பாம்பின் நாக்கு அவள் மணிக்கட்டில் பட்டுப் பட்டு மீண்டது.

"முன்போலத் தெரியவில்லை. கொஞ்சம் மங்கல்தான்," என்றது பாம்பு. "ஆனால் இத்தனை காலத்தில் என் கண்ணைத் திருப்பி வைத்தவள் யாரும் இல்லை. போ."

குகைக்குள் நுழைந்தாள்.

மாமணிக்கோட்டையே அங்கே நின்றது. ஆண், பெண், குழந்தை எல்லாரும் வரிசை வரிசையாக, பொன் சிலைகளாக. மாவுக் கை பொன். ஒற்றைச் செருப்பு பொன். கன்னத்தில் வழிந்த கண்ணீரும் பொன். அத்தனை கண்களும் திறந்திருந்தன. குகையின் கூரையெங்கும் அவர்களுடைய ஒளி அலையடித்தது. அவ்வளவு அழகான ஒன்றையும் அவள் பார்த்ததில்லை, அவ்வளவு பயங்கரமான ஒன்றையும் பார்த்ததில்லை. நடுவில் பானை. அதற்குள் செம்மஞ்சள் தண்ணீரில் பெயர்கள் சுழன்றுகொண்டிருந்தன.

"வந்துவிட்டாயா?" பூதவராயன் சிலைகளுக்கு நடுவிலிருந்து எழுந்தான். "பெயர் என் பானையில். ஆள் என் குகையில். உன்னால் என்ன செய்ய முடியும்? தண்ணீரில் கரைந்ததை எந்தச் சல்லடையில் பிடிப்பாய்?"

"பிடிக்க முடியாது," என்று ஒப்புக்கொண்டாள் அவள். "ஆனா நீரு எதுக்குப் பயந்தீருன்னு பாத்தேன்."

கையிலிருந்த செம்புக் காப்பைக் கழற்றினாள். அவன் முகம் வெளுத்தது.

"வேண்டாம்! அதற்குள் இருப்பது உன் பெயர் அல்லவா? போட்டால் போனதுதான்!"

அவள் கை ஒரு கணம் நின்றது. ஆத்தாவின் பொன் முகத்தைப் பார்த்தாள். காப்பைப் பானைக்குள் போட்டாள்.

பானை அலறியது. செந்நிறப் புகை கூரைக்கு எழுந்தது. காப்பு சர்ரென்று நுரைத்துக் கரைந்தது. அது கரையக் கரைய, மஞ்சள் தண்ணீர் பச்சையானது. கிளிப்பச்சை, பாசிப்பச்சை, மயில் கழுத்துப் பச்சை. செம்பு உள்ளே போக, பொன் வெளியே வந்தது. ஆனால் வந்தது பொன்போலவா இருந்தது? பானை அடியில் பழுப்பாக, சேறாகப் படிந்தது.

பூதவராயன் எட்டிப் பார்த்தான். பயம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. "மண்ணாய்ப் போச்சு! எனக்கும் இல்லை, உனக்கும் இல்லை! வெறும் மண்!"

"மண்ணா?" என்றாள் அவள். "மண்ணுதான் எங்க வீட்டுச் சோறு."

பச்சைத் தண்ணீரைப் பக்கத்திலிருந்த கல்தொட்டியில் வடித்தாள். சேற்றைப் பானை மூடியில் கொட்டினாள். குடுவையில் மிச்சமிருந்த தண்ணீரை விட்டு, தகப்பன் செய்வதுபோல் ஆட்டினாள், அலசினாள், வடித்தாள். பிறகு கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.

பழுப்புக்குள்ளிருந்து ஒரு கோடு மின்னியது. மின்னிய இடத்திலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது.

"வெயிலாச்சி."

இன்னும் தேய்த்தாள். "வெயிலாச்சி. வெயிலாச்சி." துகள் எழுந்து பறந்து போய்ச் சிலையின் கழுத்தில் உட்கார்ந்தது. பொன் உதட்டில் சிவப்பு ஏறியது. பொன் கண் இமைத்தது.

அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள். குகை முழுதும் பெயர்கள் எழுந்தன. மின்மினிக் கூட்டம்போல் எழுந்தன. ஒவ்வொன்றும் தன்னைத்தானே மூன்று தரம் சொல்லிக்கொண்டு, தன் ஆளைத் தேடிப் பறந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு மலை வளர்வதையே கொஞ்ச நேரம் நிறுத்தியது என்பார்கள்.

கடைசித் துகள் சொன்னது: "பூதவராயன். பூதவராயன். பூதவராயன்."

எல்லாரும் மந்திரவாதியைப் பார்த்தார்கள். துகளோ எண்ணெய் விற்கிறவன் காதுக் கடுக்கனில் போய் ஒட்டியது. அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அது என் பேருங்க," என்றான். "கோட்டைக்குள்ள நுழையும்போதே என் கடுக்கனத்தான் முதல்ல கழுவுனாருங்க, இவரு!"

திருடிய பெயரும் போனது. மந்திரவாதிக்குச் சொந்தமாகப் பெயரே இல்லை. பெயர் இல்லாதவனுக்கு நிற்க ஓர் உருவம் எதற்கு? அங்கி மட்டும் தொப்பென்று தரையில் விழுந்தது. உள்ளே யாரும் இல்லை.

ஊரே கட்டிப்பிடித்து அழுதது, சிரித்தது. அந்தக் களேபரத்தில் ராணி அலங்காரவல்லி ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு வந்தாள். கல்தொட்டியைப் பார்த்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"சே, என்ன நாற்றம் இது! மந்திரவாதி வைத்த விஷம். கொட்டுங்கள் இதை!"

யாரையாவது ஒரு வார்த்தை கேட்டாளா? கேட்கவில்லை. காவலர்கள் தொட்டியைச் சாய்த்தார்கள். பச்சைத் தண்ணீர் மலைச்சரிவில் ஓடி மண்ணுக்குள் போயிற்று.

அதே நேரம் வெயிலாச்சி மகளை மார்போடு சேர்த்துக்கொண்டு, கூப்பிட வாயைத் திறந்தாள். திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

"உன் பேரு... நான் வச்ச பேரு... ஏ கண்ணு, உன் பேரு என்ன?"

"தெரியலையே ஆத்தா."

இரண்டு பேரும் அவள் பெயர் கரைந்திருந்த தொட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். அடியில் ஒரு சொட்டுப் பச்சைகூட இல்லை. மகள் சரிவில் ஓடி, மண்ணை இரண்டு கையாலும் வாரி அரித்தாள். பச்சைக் கறை படிந்த கற்கள்தான் கிடைத்தன. காதில் வைத்துப் பார்த்தாள். கல் ஒன்றும் சொல்லவில்லை.

ராணிக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. "அழாதே பெண்ணே. நல்ல நல்ல பெயராக நூறு சொல்கிறேன். பிடித்ததை எடுத்துக்கொள்."

"நூறு வேண்டாம் ராணி," என்றாள் வெயிலாச்சி. "ஒண்ணு போதும். நீங்க கொட்டுனது."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. ராணி தன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தாள். "என் தலையைக் கொடுத்தாவது, என் வம்சத்தைக் கொண்டாவது, அந்தப் பெயரைத் தேடி உங்கள் வாசலில் கொண்டுவந்து சேர்ப்பேன்."

நல்லது நடக்காமல் இல்லை, நடந்ததை மறைக்கமாட்டேன். தண்டோரா திரும்பப் போடப்பட்டது. அவரவர் நகையை அவரவர் வீட்டில் அவரவர் கையால் கழுவினார்கள். கழுவிய தண்ணீரை எங்கள் ஆட்களுக்கென்று குடத்தில் பிடித்துவைத்தார்கள். யானையும் அன்னமும் மலையிலிருந்து இறங்கிவந்து ஊரில் குடியிருந்தன. பாம்பு அவள் வீட்டுக் கூரையில் ஒரு கண் பளபளக்க, ஒரு கண் மங்க, காவல் கிடந்தது. தீத்தாரப்பன் முழங்கால் சரியாகி, மகள் கல்யாணத்தில் ஆடக்கூட ஆடினார். அவள் நெடுங்காலம் வாழ்ந்தாள். அவள் தெருவில் போனால் எழுந்து நிற்காத ஆள் இல்லை. ஊரில் ஒவ்வொரு பெயரும் அவள் கட்டைவிரல் தேய்த்துக் கொடுத்தது. அவளைக் கூப்பிடத்தான் ஒரு பெயர் இல்லை. "இந்தாம்மா" என்றே கூப்பிட்டார்கள்.

அலங்காரவல்லி ஓர் ஆள்கூடச் சரிவுக்கு அனுப்பவில்லை. அவள் செத்துப்போனாள். அவள் மகன் ஆண்டான், பேரன் ஆண்டான். கோட்டையும் இடிந்து விழுந்தது. எங்கள் வீட்டில் ஒவ்வொரு தலைமுறையும் கல்யாணத்துக்கு முன்னோர் பெயர்களைச் சொல்லிக் கும்பிடுவோம். தீத்தாரப்பன், வெயிலாச்சி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, அவள் இடம் வந்ததும் நிறுத்துவோம். ஒரு மூச்சு நேரம் சும்மா நிற்போம். பிறகு அடுத்த பெயருக்குப் போவோம்.

ராணி வம்சத்தார் யாராவது இந்தக் கூட்டத்தில் இருந்தால், இருக்கக்கூடும், நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டு போங்கள். எங்கள் வாசல் எது என்று உங்களுக்குத் தெரியும். வெறுங்கையோடு வராதீர்கள்.